கட்டுச்சோறு இல்லாத விதை

டென்ட்ரோபியம் ஆர்க்கிட் பூத்து முடியும் சமயத்தில் சில காம்புகளில் காய் பிடிக்கும். பூ வாடிச் சுருங்க, அதன் பின்புறக் காம்பு பருத்து, கட்டைவிரல் அளவுக்குப் பச்சைக் காயாகத் தொங்கும். சில மாதங்களில் அது மஞ்சளாகி நெடுக்குவாட்டில் வெடிக்கும். உள்ளே வெளிர்மஞ்சள் தூள் திணித்து வைத்திருக்கும். மூச்சுக்காற்று பட்டாலே பறக்கிற அந்தத் தூள் அத்தனையும் விதை. அரைக்கீரை விதையைத் தூவினால் நாலைந்து நாளில் பச்சை தெரிகிறது. இந்தத் தூளைத் தொட்டி மண்ணிலோ தேங்காய் நாரிலோ தூவி, மாதக்கணக்கில் தண்ணீர் தெளித்தாலும் ஒரு முளைகூட வருவதில்லை. விதை மலடா என்றால், இல்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலானவற்றில் உயிருள்ள கரு இருக்கிறது. பிறகு ஏன் முளைக்கவில்லை?

இந்தக் கேள்வி சார்லஸ் டார்வினையும் பிடித்து ஆட்டியது. ஆர்க்கிட்களின் மகரந்தச் சேர்க்கை பற்றி 1862இல் அவர் எழுதிய நூலில் ஒரு கணக்கு வருகிறது. இங்கிலாந்துப் புல்வெளிகளில் சாதாரணமாகக் காணப்படும் ஓர் ஆர்க்கிட்டின் ஒரே காயில் சுமார் 6,200 விதைகள் இருந்தன. ஒரு செடியில் முப்பது காய்கள் பிடிக்கும். ஆக ஒரு செடிக்கு 1,86,000 விதைகளுக்கு மேல். அத்தனையும் முளைத்து, அந்தச் செடிகளும் அவ்வாறே பெருகினால், கொள்ளுப்பேத்திகள் காலத்தில் உலகத்தின் நிலப்பரப்பு ஏறக்குறைய முழுவதையும் அவை மூடிவிடும் என்று டார்வின் கணக்குப் போட்டுக் காட்டினார். அப்படி மூடவிடாமல் தடுப்பது எது என்பது தெரியவில்லை என்றும் எழுதினார். அதற்கு விடை கிடைக்க இன்னும் 37 ஆண்டுகள் ஆயின.

விதைக்குள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதில் தொடங்குவோம். ஊறவைத்த அவரை விதையின் தோலை உரித்தால் இரண்டு தடித்த பருப்புகள் பிரியும். இவை விதையிலைகள். நடுவே துளியூண்டு கரு ஒட்டிக்கொண்டிருக்கும். நெல்லில் கருவை ஒட்டிக் கருவூண் என்ற மாவுத்திசு இருக்கிறது. நாம் சாப்பிடும் அரிசி பெரும்பாலும் அதுதான். பருப்பானாலும் மாவானாலும் அது தாய்ச்செடி பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு. மண்ணுக்கடியில் வெளிச்சம் கிடையாது, பச்சையம் கிடையாது, சொந்தமாகச் சமைத்துக்கொள்ள வழியில்லை. முதல் இலை விரிந்து வெயிலைத் தொடும்வரை அந்தச் சோற்றை வைத்துத்தான் பயணம்.

ஆர்க்கிட் விதையிடம் அந்தக் கட்டுச்சோறு இல்லை. கருவூண் வளர்வதே இல்லை. பெரும்பாலான இனங்களில் விதையிலையும் இல்லை. வேர் எது, தண்டு எது என்றுகூடப் பிரியாத, நூறு செல்கள் அளவிலான ஒரு சிறு உருண்டைதான் கரு. அதற்குள் கொஞ்சம் கொழுப்பும் புரதமும் உண்டு. அது ஆரம்பத்தில் சற்று உப்பிக்கொள்ள மட்டுமே காணும். கருவைச் சுற்றி வலைப்பின்னலான ஒரு வெற்றுறை, இறந்துபோன செல்களால் ஆனது. உறைக்கும் கருவுக்கும் நடுவே காற்று. மிக லேசான இனங்களில் 30 லட்சம் விதைகளுக்கு மேல் சேர்ந்தால்தான் ஒரு கிராம் தேறும். சில வெப்பமண்டல இனங்களில் ஒரே காயில் பத்து லட்சத்துக்கும் மேலான விதைகள் உண்டு.

இப்படி வெறுங்கையோடு அனுப்புவதில் தாய்க்கு ஓர் ஆதாயம் இருக்கிறது. சோறு கட்டாததால் விதைக்குச் செலவு குறைவு, எண்ணிக்கை அதிகம். எடையே இல்லாததால் போகும் தூரமும் அதிகம். ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவிலுள்ள கிரகடோவா தீவு 1883இல் எரிமலையாக வெடித்தபோது அங்கிருந்த காடு சாம்பலுக்கடியில் புதைந்தது. பதினைந்து ஆண்டுகளுக்குள் அங்கே போன தாவரவியலாளர்கள், கடல் தாண்டி வந்து குடியேறியிருந்த செடிகளுக்கிடையே ஆர்க்கிட்களையும் கண்டார்கள். காற்றுதான் கொண்டுவந்து சேர்த்திருக்க வேண்டும்.

ஆனால் போய் இறங்கிய இடத்தில் யார் சோறு போடுவது?

ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே அனுபவத்தில் ஒன்றைக் கவனித்திருந்தார்கள். புதுத் தொட்டியில் தூவிய விதை முளைப்பதில்லை. தாய்ச்செடி வளரும் தொட்டியிலேயே, அதன் வேர்களைச் சுற்றித் தூவினால் எப்போதாவது ஒன்றிரண்டு முளைக்கிறது. டப்ளினிலுள்ள கிளாஸ்னெவின் தாவரவியல் தோட்டத்தின் டேவிட் மூர், இப்படி முளைக்கவைத்ததைப் பற்றி 1849இல் எழுதினார். எக்ஸெட்டர் நகரில் வீச் குடும்பத்தாரின் நாற்றுப்பண்ணையில் ஜான் டாமினி வளர்த்த முதல் கலப்பின ஆர்க்கிட் 1856இல் பூத்தது. தாயின் காலடியில் அப்படி என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. ஈரப்பதமோ பாசியோ என்று நினைத்தார்கள். கைப்பக்குவம் இருந்தது, காரணம் தெரியவில்லை.

காரணத்தைக் கண்டவர் நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சு இளைஞர். அப்போது அவருக்கு 25 வயது, பாரிசுக்குத் தெற்கே மேலுன் நகரில் ராணுவச் சேவையில் இருந்தார். 1899 மே மாதம் பக்கத்திலுள்ள ஃபோன்தேன்ப்ளோ காட்டுக்குப் போனவர், பறவைக்கூடு ஆர்க்கிட் எனப்படும் செடியின் பழைய பூந்தண்டு ஒன்று மட்கிய இலைகளுக்கடியில் புதைந்து கிடப்பதைக் கண்டார். அந்தச் செடியே விசித்திரமானது. பச்சை இலை கிடையாது, முழுக்கப் பழுப்பு நிறம். புதைந்த தண்டிலிருந்த காய்களுக்குள்ளேயே விதைகள் கொத்தாக முளைத்திருந்தன. அதுவரை ஆர்க்கிட்டின் இளமுளைகளை இவ்வளவு எண்ணிக்கையில், எல்லாப் பருவத்திலும், ஒரே இடத்தில் பார்த்தவர்கள் அரிது. பெர்னார் அவற்றை மெல்லிய சீவல்களாக நறுக்கி நுண்ணோக்கியில் வைத்தார். முளைத்திருந்த ஒவ்வொன்றின் செல்களுக்குள்ளும் பூஞ்சையின் நூலிழைகள் சுருண்டு கிடந்தன.

ஆர்க்கிட் வேர்களில் பூஞ்சை இருப்பது அதற்கு முன்பே தெரிந்த செய்திதான். அது ஏதோ நோய் அல்லது தற்செயல் ஒட்டு என்று பலர் விட்டுவிட்டார்கள். பூஞ்சை புகுவதால்தான் விதை முளைக்கிறது என்று சொன்னது பெர்னாரின் துணிச்சல். சொன்னதோடு நிற்கவில்லை என்பதால்தான் எனக்கு அவர் மேல் இவ்வளவு மதிப்பு. அடுத்த சில ஆண்டுகளில் ஆர்க்கிட் வேரிலிருந்து பூஞ்சையைத் தனியே பிரித்து வளர்த்தார். நுண்ணுயிர் எதுவும் இல்லாத சோதனைக் குழாய்களில் விதையைத் தூவினார். பூஞ்சை சேர்க்காத குழாயில் விதை சற்று உப்பி, அப்படியே நின்றது. சேர்த்த குழாயில் வளர்ந்தது. எல்லாப் பூஞ்சையும் உதவவில்லை. சில, கருவை முழுவதும் ஆக்கிரமித்துக் கொன்றன. சிலவற்றைக் கரு உடனே செரித்துத் தீர்த்துவிட்டு, தானும் வளராமல் நின்றது. ஆக, இரண்டுக்கும் இடையில் நடப்பது நட்பு என்று மட்டும் சொல்லிவிட முடியாத இழுபறி என்பதை அவர் அன்றே பார்த்துவிட்டார். 1911இல், 36 வயதில், காசநோயால் இறந்துபோனார்.

இன்று நமக்குத் தெரிந்த கதை இது. மண்ணிலோ மரப்பட்டையிலோ மக்கு தின்று வாழும் பூஞ்சையின் இழை ஒன்று விதையை அணுகி, கருவின் ஒரு முனை வழியாக உள்ளே புகுகிறது. செல்லுக்குள் போய்ச் சுருள் சுருளாகச் சுற்றிக்கொள்கிறது. கரு அந்த இழைகளிடமிருந்து சர்க்கரை முதலிய சத்துகளை வாங்கிக்கொள்கிறது, நாளடைவில் சுருள்களையே செரித்துவிடுகிறது. உடனே அதே செல்லில் மறுபடியும் புதிய இழை புகுவதுண்டு. பூஞ்சையிடமிருந்து சத்து போகிறது என்பதற்கு 1960களில் இங்கிலாந்தில் நேரடிச் சான்று கிடைத்தது. கதிரியக்கக் கரி கலந்த உணவைப் பூஞ்சைக்கு மட்டும் எட்டும்படி வைத்தார்கள். கொஞ்ச நாளில் அந்தக் கரி, இழைகளின் வழியே பயணம் செய்து, ஆர்க்கிட் முளையின் உடலில் வந்து சேர்ந்திருந்தது. போகும்போது பூஞ்சைக்கே உரிய டிரெஹலோஸ் என்ற சர்க்கரையாக இருந்தது, செடிக்குள் போனதும் நம் கரும்பில் இருக்கும் சுக்ரோஸாக மாறியிருந்தது.

இந்த உண்மையிலிருந்து வீட்டு அலமாரிக்கு வந்து சேர இன்னொரு ஆள் தேவைப்பட்டார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த லூயிஸ் நட்சன், செடிகளுக்கு வெளியிலிருந்து சர்க்கரை கொடுத்தால் அவை எடுத்துக்கொள்ளுமா என்று ஏற்கெனவே ஆராய்ந்தவர். பெர்னாரின் முடிவுகளைப் படித்தபோது அவருக்கு ஒரு சந்தேகம். பூஞ்சை, மாவுச்சத்து முதலியவற்றை உடைத்துச் சர்க்கரையாக்குகிறது. விதைக்கு வேண்டியது பூஞ்சையா, அது தரும் சர்க்கரையா? அகர் கூழில் தாது உப்புகளையும் சர்க்கரையையும் கலந்து, நுண்ணுயிர் நீக்கி, விதையைத் தூவினார். பூஞ்சை இல்லாமலே முளைத்தது. 1922இல் இதை வெளியிட்டார். முளைத்தால் போதுமா, பூஞ்சையில்லாத செடி நோஞ்சானாகத்தானே இருக்கும், பூக்குமா என்று எதிர்ப்பு வந்தது. அவர் பூஞ்சையே அண்டாமல் செடியை வளர்த்துப் பூக்கவும் வைத்துக் காட்டினார்.

அதன் பிறகு ஆர்க்கிட் வளர்ப்பு உலகமே மாறியது. சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தில் எரிக் ஹால்டம் 1928இல் கலப்பின ஆர்க்கிட் உருவாக்கும் பணியை நட்சனின் குடுவை முறையைக் கொண்டுதான் தொடங்கினார். அந்நகரத்தின் பெயரோடு ஆர்க்கிட் இன்று சேர்ந்து நிற்பதற்கு அந்தக் கண்ணாடிக் குடுவைகளும் ஒரு காரணம்.

இதைப் புரிந்துகொண்டால் வீட்டில் செய்யவேண்டியது என்ன என்பது விளங்கிவிடும். விதைக்கு வழியில் கிடைக்க வேண்டிய சோற்றை நாம் ஒரு பாட்டிலில் சமைத்து வைக்கிறோம். ஒரே சிக்கல், சர்க்கரை கலந்த ஈரக்கூழ் ஆர்க்கிட்டுக்கு மட்டும் விருந்து அல்ல. காற்றில் மிதக்கும் ரொட்டிப் பூசணத்தின் வித்து ஒன்று விழுந்தால் மூன்று நாளில் கூழ் முழுவதும் அதன் வசம். ஆர்க்கிட் கரு அசைந்து கொடுக்கவே வாரங்கள் ஆகும். ஆக, காட்டில் பூஞ்சையின் தயவில் பிறக்கும் செடியை வீட்டில் வளர்க்க, எல்லாப் பூஞ்சையையும் வெளியே நிறுத்த வேண்டியிருக்கிறது. இந்த வேலையில் பத்தில் ஒன்பது பங்கு துப்புரவுதான்.

கூழுக்கு வேண்டியவை பெரும்பாலும் மளிகைக்கடையிலேயே கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் சர்க்கரை, 7 அல்லது 8 கிராம் அகர் தூள், ஒரு கிராம் 19:19:19 உரம். கடல்பாசி என்றும் சைனா கிராஸ் என்றும் கடையில் கேட்டு வாங்கும் அகர், ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் கடலில் முங்கிப் பறித்து வரும் மரிக்கொழுந்துப் பாசி முதலியவற்றிலிருந்து எடுப்பது. ஊட்டத்துக்கு 100 மில்லி இளநீர் சேர்க்கலாம். தேங்காய்க்குள் இருக்கும் நீர் உண்மையில் அந்த விதையின் திரவக் கருவூண். அதில் சர்க்கரையோடு, செல்கள் பிரிந்து பெருகத் தூண்டும் சைட்டோகைனின் என்ற வளரூக்கிகளும் இருக்கின்றன. ஆர்க்கிட்டுக்கு அதன் தாய் கொடுக்காததைத் தென்னை கொடுக்கிறது. ஆய்வகங்களும் இதைப் பயன்படுத்துகின்றன, வெறும் வீட்டு வைத்தியம் என்று ஒதுக்க வேண்டாம். கூழின் காரஅமிலநிலை 5.5 அளவில் இருக்க வேண்டும், நிறங்காட்டிக் காகிதத்தில் பார்த்துக்கொள்ளலாம். அமிலம் கூடினால் அகர் உறையாமல் கஞ்சியாகவே நின்றுவிடும்.

அடுத்து, சுடுதண்ணீரில் கொதிக்கவைத்தால் போதாதா என்ற கேள்வி. போதாது. சில பாக்டீரியாக்கள் நிலைமை மோசமானால் தடித்த ஓடு போட்டுக்கொண்டு அகவித்துகளாக உறங்கும். நூறு டிகிரிக் கொதிநீரில் அவை சாவதில்லை. ஆறியதும் கூழில் விழித்துக்கொள்ளும். அவற்றைக் கொல்ல 121 டிகிரி நீராவி வேண்டும். தண்ணீர் சாதாரணமாக 100 டிகிரியில் கொதித்துவிடும், அழுத்தம் கூட்டினால்தான் அதைத் தாண்டும். நம் வீட்டுக் குக்கரின் வெயிட் ஏறக்குறைய அந்த அழுத்தத்துக்குத்தான் செய்யப்பட்டது. ஜாம் பாட்டில்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் கூழ் ஊற்றி, மூடியைத் தளர்வாகத் திருகி, அலுமினியத் தாள் சுற்றி, குக்கரில் அடியில் தண்ணீர் விட்டு அடுக்குங்கள். ஆவி நன்றாக வெளியேறிய பிறகு வெயிட் போட்டு, முதல் விசிலுக்குப் பின் தீயைக் குறைத்து 20 நிமிடம். தானாக ஆறும்வரை திறக்கக் கூடாது. அவசரப்பட்டு ஆவியை வெளியேற்றினால் பாட்டிலுக்குள் கூழ் பொங்கி மூடியை நனைத்துவிடும், அந்த ஈரத்தின் வழியாகவே பூசணம் உள்ளே ஏறும். ஆறிய பாட்டில்களை ஒரு வாரம் சும்மா வைத்துப் பாருங்கள். எதுவும் முளைக்காமல் தெளிவாக இருப்பவையே விதைக்கத் தகுந்தவை.

விதையைச் சுத்தமாக எடுப்பதற்கு ஆர்க்கிட்டே வழி வைத்திருக்கிறது. வெடிக்காத பச்சைக் காயின் உட்புறம் நுண்ணுயிர் அண்டாத இடம். வெளித்தோலை மட்டும் சுத்தம் செய்தால் போதும். ஆனால் எந்த வயதில் பறிப்பது? இங்கே ஆர்க்கிட்களின் இன்னொரு விந்தை குறுக்கிடுகிறது. பெரும்பாலான செடிகளில் பூ மலரும்போதே சூல்கள் தயாராக இருக்கும். ஆர்க்கிட் பூ மலரும்போது சூலகத்துக்குள் முதிர்ந்த சூல்களே இருப்பதில்லை. மகரந்தத் திரள் வந்து ஒட்டினால்தான் செடி அந்தச் செலவில் இறங்குகிறது. பூவின் நடுத்தூண் நுனியில் ஒரு சிறு தொப்பி இருக்கும். பல்குத்தும் குச்சியால் அதைத் தூக்கினால் மஞ்சள் நிறத்தில் கடுகிலும் சிறிய திரள்கள் குச்சியில் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றை இன்னொரு செடியின் பூவில், தூணுக்கு அடியிலுள்ள பிசுபிசுத்த குழியில் வைத்து அழுத்த வேண்டும். சில நாட்களில் பூ வாடும். அதன் பிறகுதான் உள்ளே சூல்கள் உருவாகத் தொடங்கும். பெலனாப்சிஸ் ஆர்க்கிட்டில் கருவுறுதல் நடக்கவே இரண்டு மாதங்களுக்கும் மேல் ஆகிறது. ஆகவே காய் பெரிதாகத் தெரிகிறதே என்று இரண்டாம் மாதம் பறித்தால் உள்ளே கருவே இருக்காது. பெலனாப்சிஸுக்குச் சுமார் நான்கு மாதம், டென்ட்ரோபியம் கலப்பினங்களுக்கு மூன்றரை, நான்கு மாதம். வாண்டா இனங்கள் இன்னும் பொறுமை கேட்கும். மகரந்தம் வைத்த தேதியைக் காம்பிலேயே சீட்டில் எழுதிக் கட்டிவிடுவது நல்லது.

விதைக்கும் நாளில் மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்துங்கள். ஒளி ஊடுருவும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து, பக்கவாட்டில் கை நுழைய இரண்டு துளைகள் போட்டால் அதுவே காற்றடங்கிய அறை. உட்புறம் முழுக்கச் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தெளித்துத் துடைக்க வேண்டும். பெட்டிக்குள் நெருப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். ஸ்பிரிட் ஆவி அடைந்திருக்கும் இடத்தில் ஒரு தீக்குச்சி போதும் கையைச் சுட. காயைச் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, பாத்ரூம் கழுவும் சாதா பிளீச் திரவத்தை நீர்த்து அதில் கால் மணி நேரம் மூழ்கவைத்து, பின் ஸ்பிரிட்டில் துடைத்தால் தோல் சுத்தமாகிவிடும். பிளீச்சோடு வேறு எந்தக் கழுவு திரவத்தையும் கலக்கக் கூடாது, நச்சு வாயு வரும். இனி பெட்டிக்குள் புதுக் கத்தியால் காயை இரண்டாகப் பிளந்து, உள்ளேயிருக்கும் விதையைக் கரண்டி நுனியளவு எடுத்து, கூழ்மேல் தூவி, மூடிவிட வேண்டியதுதான். பாட்டில் திறந்திருக்கும் நேரம் நொடிகளில் இருக்கட்டும். ஒரு காயின் விதை எத்தனையோ பாட்டில்களுக்குக் காணும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் கொட்டாமல் பலவற்றில் பிரியுங்கள். ஒன்றில் பூசணம் வந்தாலும் மற்றவை பிழைக்கும்.

பூசணம் வந்தால் தெரிந்துவிடும். முதலில் ஒரு புள்ளியில் வெள்ளைப் பஞ்சு, மறுநாள் ஒரு ரூபாய் வட்டம், பிறகு நடுவில் பச்சையோ கருப்போ பூக்கும். பாக்டீரியா என்றால் பால் சிந்தியது மாதிரி வழவழப்பு. அந்தப் பாட்டிலைக் காப்பாற்றப் பாடுபடாதீர்கள். திறக்காமல் அப்படியே குக்கரில் வேகவைத்து, கழுவி, மறுபடி பயன்படுத்துங்கள்.

சுத்தமாக நிற்கும் பாட்டில்களை நேர்வெயில் படாத, வெளிச்சமான இடத்தில் வையுங்கள். டியூப்லைட் வெளிச்சமே போதும். வெயில் பட்ட மூடிய பாட்டில் உள்ளே வெந்துவிடும். சில வாரங்களில், கைலென்ஸ் வைத்துப் பார்த்தால், வெளிர்மஞ்சள் புள்ளிகள் பருத்திருப்பது தெரியும். கரு உப்பி, உறை நெகிழ்ந்து கிழிகிறது. பிறகு அவை ஒவ்வொன்றாகப் பச்சையாகும். இந்தப் பச்சை உருண்டை வேரும் அல்ல, தண்டும் அல்ல, இலையும் அல்ல. தாவரவியலாளர்கள் இதைப் புரோட்டோகார்ம் என்கிறார்கள், முளைக்கிழங்கு என்று நாம் சொல்லலாம். மற்ற விதைகள் முதலில் வேர்விட, ஆர்க்கிட் இந்த உருண்டையைத்தான் முதலில் செய்துகொள்கிறது. அடிப்பக்கம் பளபளக்கும் மெல்லிய ரோமங்கள் சூழ்ந்திருக்கும், மேல்நுனியில் ஒரு சிறு பள்ளம். அந்தப் பள்ளத்திலிருந்து முதல் இலை கூராகக் கிளம்பும். அதன் பிறகே மெய்யான வேர். காட்டிலோ இந்த உருண்டை சில இனங்களில் மண்ணுக்கடியில், பச்சையமே இல்லாமல், பூஞ்சை போடும் சோற்றை மட்டும் தின்று பல மாதங்கள் கிடக்கும்.

நெருக்கமாக முளைத்தவற்றை மூன்று, நான்கு மாதத்தில் புதுக் கூழுக்கு மாற்ற வேண்டும். இந்த இரண்டாம் கூழில் மசித்த வாழைப்பழமும் ஒரு சிட்டிகை ஊக்குவிக்கப்பட்ட கரித்தூளும் சேர்ப்பது வழக்கம். வேர்கள் கூழில் விடும் பழுப்பு நிறப் பீனால் பொருட்கள் அவற்றுக்கே நஞ்சாகும். கரி அவற்றை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இரண்டு விரற்கடை உயரமும் மூன்று நாலு வேரும் வந்ததும், பெரும்பாலும் விதைத்து ஓராண்டு ஆகும்போது, பாட்டிலைவிட்டு வெளியே எடுக்கலாம்.

நன்றாக வளர்ந்த நாற்றுகள் கூட்டமாகச் சாவது இந்தக் கட்டத்தில்தான். காரணத்தை அறிந்துகொள்வது அவசியம். பாட்டிலுக்குள் காற்று எப்போதும் ஈரத்தில் ஊறியிருந்தது. அங்கே வளர்ந்த இலைக்கு மேல்மெழுகு மெலிதாகவே படிகிறது. இலைத்துளைகளுக்கு மூடிக்கொள்ளும் பழக்கமே வந்திருக்காது. திறந்த காற்றில் வைத்தால் ஒரு பகலில் வாடிவிடும். வேரில் ஒட்டிய கூழிலுள்ள சர்க்கரையோ வெளிப் பூசணத்தை அழைத்துவரும். அதனால் வெதுவெதுப்பான நீரில் கூழை முழுதும் அலசி, கரித்துண்டும் தேங்காய் மட்டைத் துண்டும் போட்ட சிறு தொட்டியில் பல நாற்றுகளைச் சேர்த்து நட்டு, மேலே பிளாஸ்டிக் உறை மூடி, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவிட்டு, சில வாரங்களில் பழக்க வேண்டும். நம் ஊரில் சித்திரை வைகாசியில் இதைச் செய்யாதீர்கள். மழை தொடங்கி வெக்கை தணிந்த பிறகு செய்யுங்கள். டென்ட்ரோபியம் என்றால் விதைத்து மூன்றாண்டு வாக்கில் முதல் பூ வரும். வாண்டாவுக்கு அதைவிட நீண்ட காலம்.

கடையில் 300 ரூபாய்க்குப் பூத்த செடியே கிடைக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். கடையில் வரும் செடிகளில் பெரும்பாலானவை ஒரே செடியின் நுனித்திசுவிலிருந்து பெருக்கிய நகல்கள். விதையில் வந்தவற்றில் ஒன்று மற்றொன்று மாதிரி இருக்காது. நீங்கள் சேர்த்த இரண்டு பூக்களின் பிள்ளைகள் உலகில் வேறெங்கும் இல்லை. என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய காரணம் காடு. மேற்குத் தொடர்ச்சி மலையின் பொதிகை உச்சிப் பகுதிக்கே உரிய பாதுகை ஆர்க்கிட் ஒன்று உண்டு, ஹெபர் ட்ரூரி என்பவரின் பெயரால் பாஃபியோபெடிலம் ட்ரூரி எனப்படுவது. மஞ்சள் இதழில் நடுவே கருஞ்சிவப்புக் கோடு. அழகே அதற்கு வினையானது. சேகரிப்பாளர்கள் பறித்துப் பறித்து, காட்டில் அது அற்றுப்போயிற்று என்றே ஒரு காலத்தில் நினைத்தார்கள். இன்றும் மிக ஆபத்தான நிலையில் இருக்கிறது. ஒரு காய் இருந்தால் ஆயிரக்கணக்கில் நாற்று எடுக்கலாம் என்ற நிலையில், மரத்திலிருந்து வேரோடு பிய்த்துக் கொண்டுவந்து சாலையோரத்தில் விற்கப்படும் காட்டு ஆர்க்கிட்டை யாரும் வாங்க வேண்டியதில்லை. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போனால் நம் மலைகளின் ஆர்க்கிட்களைப் பறிக்காமலே பார்க்கலாம்.

ஆனால் பாட்டிலில் வளர்த்ததைக் காட்டுக்குத் திருப்பி அனுப்ப முயல்பவர்களுக்கு நட்சன் முறை மட்டும் போதவில்லை. சர்க்கரையில் வளர்ந்த செடியைக் கொண்டுபோய் நட்டால் அது பூக்கலாம், காய்க்கலாம். அதன் விதை மண்ணில் விழும்போது மீண்டும் அதே பழைய கேள்வி எழும். அங்கே உரிய பூஞ்சை இருக்கிறதா? இதைச் சோதிக்க ஹன்னே ராஸ்முசென், டென்னிஸ் விகம் என்ற ஆய்வாளர்கள் 1993இல் ஓர் எளிய வழி சொன்னார்கள். கண்ணுக்குத் தெரியாத விதையை மண்ணில் தூவிவிட்டால் திரும்பத் தேட முடியாது. எனவே நுண்ணிய நைலான் வலைக்குள் விதையை வைத்து, புகைப்பட ஸ்லைடுகளுக்கான சட்டத்தில் இறுக்கி, மண்ணில் புதைத்தார்கள். வலைக்கண் வழியே பூஞ்சை இழை உள்ளே வரும், விதை வெளியே போகாது. மாதங்கள் கழித்துத் தோண்டி எடுத்துப் பார்த்தால், எந்த இடத்தில் விதை முளைத்திருக்கிறதோ அங்கே பூஞ்சை உண்டு. முளைத்ததிலிருந்து அந்தப் பூஞ்சையைப் பிரித்து இனம் காணவும் முடியும். இப்போது விதைவங்கிகளில் ஆர்க்கிட் விதையோடு அதற்குரிய பூஞ்சையையும் குளிரில் சேமிக்கிறார்கள். இரண்டையும் கடற்பாசியிலிருந்து எடுத்த ஆல்ஜினேட் கூழ்மணிக்குள் ஒன்றாக அடைத்து வைக்கும் முறையும் உண்டு. அந்த மணியை மண்ணில் இட்டால் விதையோடு அதன் பூஞ்சையும் சேர்ந்தே போய் இறங்கும்.